பட்டாவும் அடங்கலும்: இணையத்தில் உறங்கும் மண்டலங்கள்

நமது கிராமக் கணக்குகளோடு சிறிதளவேனும் பரிச்சயம் உள்ளவர்கள், ஒரு நிலத்தைப் பற்றிய இரண்டு வேறு கேள்விகளுக்கு அரசாங்கம் இரண்டு வேறு ஏடுகளில் விடை எழுதி வைத்திருப்பதை அறிவார்கள். நிலம் யாருக்குப் பாத்தியப்பட்டது என்பதற்குப் பட்டாவும் சிட்டாவும் விடை கூறும். அந்த நிலத்தில் இந்தப் பசலியில் யார் என்ன சாகுபடி செய்தார், அல்லது ஒன்றும் செய்யாமல் தரிசாகப் போட்டுவிட்டார் என்பதற்கு அடங்கல் விடை கூறும். இரண்டும் ஒத்துப்போகும் வரையில் ஒருவருக்கும் கவலை இல்லை. பட்டாதாரர் பம்பாய்க்கோ பினாங்குக்கோ போய் முப்பது வருஷமாகத் திரும்பாதிருக்க, அடங்கலில் வருஷந்தோறும் தரிசு என்றே எழுதப்பட்டு வந்த ஒரு புன்செயில், ஒருநாள் காலையில் யாரோ ஒருவர் ஏர் பூட்டி உழுது கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பட்டாதாரரின் பேரனா, முறையாக வந்த குத்தகைக்காரரா, அல்லது போலி அதிகாரப் பத்திரம் ஒன்றை மடியில் வைத்திருக்கும் அந்நியரா என்ற சந்தேகம், இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் பழக்கமுள்ள ஒருவருக்கே முதலில் தோன்றும்.

இணையம் என்னும் உலகளாவிய வலைப்பின்னலிலும் இதே விதமாக இரண்டு ஏடுகள் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே கையால் எழுதும் கணக்குப்பிள்ளை அங்கே கிடையாது. பதிவேட்டில் உயிரோடு இருந்து, பாதைகளில் எங்கும் தென்படாமல் உறங்கிக் கிடக்கும் எண்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை யாருடையவை, ஏன் உறங்குகின்றன, விழித்தால் எழுப்பியவர் யார் என்பவற்றை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணையம் ஒரே வலை அன்று, வலைகளின் கூட்டம் என்று பாடப்புத்தகங்கள் கூறும். அந்தக் கூட்டத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே கொள்கையின்படி தன் பாதைகளைத் தீர்மானித்துக்கொள்ளும் வலைத் தொகுதி ஒவ்வொன்றும், ஒரு சுயாட்சி மண்டலம் எனப்படும். இந்தக் கருத்தை 1982ஆம் ஆண்டு அக்டோபரில் எரிக் ரோஸன் என்ற அமெரிக்கப் பொறியாளர் தாம் எழுதிய குறிப்பு ஒன்றில் முறையாக எடுத்துரைத்தார். அதுவரை வலையின் வாயில்கள் யாவும் ஏறத்தாழ ஒரே குடும்பத்துப் பிள்ளைகளைப் போல ஒருங்கே பராமரிக்கப்பட்டு வந்தன. குடும்பம் பெருகவே, ஒருவர் வீட்டுப் பழுது மற்றவர் வீட்டு விளக்கையும் அணைத்துவிடும் நிலை தோன்ற, பாகப்பிரிவினை அவசியமாயிற்று. பிரிந்த பாகம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்பட்டது. பொறியாளர் வாயில் அது 'ஏ.எஸ். எண்'. ஜான் போஸ்டல் பராமரித்து வந்த எண் பட்டியலில் 1ஆம் எண் போல்ட் பெரனெக் நியூமன் நிறுவனத்துக்கும், 3ஆம் எண் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. 16 இருமங்களால் எழுதப்பட்டமையால் மொத்தம் 65,536 எண்களே சாத்தியமாயிருந்தன. அது பல தலைமுறைக்குப் போதும் என்று அன்று நம்பியவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. 2007இல் எண்ணின் நீளம் இரட்டிப்பாக்கப்பட்டு, இன்று சுமார் 429 கோடி எண்களுக்கு இடமுண்டு.

மண்டலங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி பி.ஜி.பி. என்ற நெறிமுறை. 1989 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் நடந்த பொறியாளர் கூட்டம் ஒன்றில், கிர்க் லாகீட், யாக்கோவ் ரெக்டர் ஆகிய இருவரும் மதிய உணவின்போது காகிதக் கைத்துண்டுகளில் எழுதிப் பார்த்த வரைவிலிருந்து அது பிறந்தது. அந்தப் பிறப்பின் எளிமை இன்றளவும் அதன் சுபாவத்தில் தங்கியிருக்கிறது. "இன்ன முகவரித் தொகுதிக்குப் போக வேண்டுமா? என் வழியாக வாருங்கள்" என்று ஒரு மண்டலம் தன் அண்டை வீட்டாரிடம் அறிவிக்கிறது, அவர் அதைத் தம் எண்ணையும் முன்னே சேர்த்து அடுத்தவரிடம் அறிவிக்கிறார், இப்படியே அந்தச் செய்தி, தான் கடந்து வந்த மண்டலங்களின் எண்களைக் கோத்த மாலையாக உலகெங்கும் பரவுகிறது. மாலையின் கடைசி மணி, முதலில் அறிவித்தவருடைய எண். அவர் சொன்னது சத்தியமா என்று வினவும் ஏற்பாடு மூல நெறிமுறையில் இல்லை. 2008 பிப்ரவரி 24ஆம் தேதி, பாகிஸ்தானில் யூடியூபைத் தடைசெய்யும் உத்தரவை நிறைவேற்ற முற்பட்ட அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம், யூடியூபின் முகவரிகளில் 256ஐத் தன்னுடையவை என்று உள்நாட்டில் அறிவிக்கப்போக, அந்த அறிவிப்பு எல்லை தாண்டிப் பரவி உலகத்தார் பலருக்கு யூடியூப் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காணாமற்போனது. பி.ஜி.பி.யின் விசுவாச குணத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இது. விழித்திருந்த மண்டலம் ஒன்று பகல் வெளிச்சத்தில் செய்த பிழையாதலால் உடனே அகப்பட்டது. நமது விஷயம் இருட்டில் நடப்பது.

இனி ஏடுகளுக்கு வருவோம். இணைய எண்களின் பட்டா அலுவலகங்கள் உலகில் ஐந்து: ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைப், ஆசிய பசிபிக் பகுதிக்குப் பிரிஸ்பேனில் உள்ள ஏப்நிக், வட அமெரிக்காவுக்கு ஆரின், லத்தீன் அமெரிக்காவுக்கு லாக்நிக், ஆப்பிரிக்காவுக்கு மொரீஷியஸில் உள்ள ஆஃப்ரிநிக். இந்தியாவில் ஏப்நிக்கின் கீழ் ஐரின் என்ற தேசியப் பதிவகமும் 2012 முதல் இயங்கி வருகிறது. எந்த எண் எந்த நாட்டில் எந்தத் தேதியில் ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலை இந்தப் பதிவகங்கள் அன்றாடம் வெளியிடுகின்றன. அடங்கல் ஏட்டை எழுதுவோர் வேறு. ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ் திட்டமும், ரைப் பதிவகம் தனியே நடத்தும் சேகரிப்பு நிலையங்களும், உலகின் பல மூலைகளிலுள்ள ரூட்டர்கள் என்னும் பாதைகாட்டும் கருவிகள் அன்றாடம் கேட்கும் அறிவிப்புகளையெல்லாம் 1990களின் பிற்பகுதியிலிருந்து திரட்டிச் சேமித்து வருகின்றன. முதல் ஏட்டில் ஒதுக்கப்பட்டவையாக இருக்கும் எண்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். இரண்டாவது ஏட்டில் நடமாடுபவை சுமார் 75 ஆயிரம். மிச்சமுள்ளவை எங்கே?

அவையெல்லாம் திருட்டுக்குக் காத்திருக்கும் அநாதைகள் என்று எண்ணுவது பெரும் பிழை. மௌனத்துக்குக் காரணங்கள் அநேகம். சில எண்கள் பொது இணையத்தில் தலைகாட்டவே உத்தேசிக்கப்படாதவை: வங்கிகளுக்குள்ளும் இராணுவ வலைகளுக்குள்ளும் தனிப்பட்ட இணைப்புகளிலும் அவை ஓயாது உழைக்கின்றன, வெளியே நிற்கும் சேகரிப்பு நிலையத்துக்கு அந்த உழைப்பின் ஓசை கேட்பதில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆதிநாட்களிலேயே பெற்றுக்கொண்ட எண்கள் பல நூறு. அவற்றில் பெரும்பாலானவற்றின் மௌனம் உறக்கமா, விரதமா என்று வெளியிலிருந்து சொல்ல இயலாது. பல வலைகள் ஒரே இடத்தில் சந்தித்துப் பரிமாறிக்கொள்ளும் நிலையங்களில் அறிவிப்புகளைக் கைமாற்றித் தரும் சேவகக் கணினிகளுக்கும் எண் உண்டு; அவை தம் பெயரை மாலையில் கோக்காமலே பணி செய்வது வழக்கம். வேறு சில எண்கள், இரண்டு சேவை நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கப் போகிறோம் என்ற உற்சாகத்தில் வாங்கப்பட்டு, அந்த உற்சாகம் வரவு செலவுத் திட்டத்தோடு தணிந்துபோகவே, பெட்டி பிரிக்காத கல்யாணப் பரிசைப் போலப் பரண்மேல் கிடப்பவை.

ஸ்தாபனங்களின் விவாகமும் மரணமும் இன்னொரு காரணம். 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி இந்தியப் பொதுமக்களுக்கு முதன்முதலில் இணையச் சேவை வழங்கிய விதேஷ் சஞ்சார் நிகம், 2002இல் டாட்டா குழுமத்தின் கைக்கு வந்து, பின்னர் கனடாவின் டெலிகுளோப் நிறுவனத்தை வாங்கி, 2008இல் டாட்டா கம்யூனிகேஷன்ஸ் என்று பெயர் மாறிற்று. விதேஷ் சஞ்சாரின் 4755ஆம் எண்ணும், டெலிகுளோப்பின் 6453ஆம் எண்ணும், இன்று ஒரே குடும்பத்தின் இரண்டு வாசல்களாக இருக்கின்றன, இரண்டும் விழித்திருக்கின்றன. எல்லாக் கலியாணங்களிலும் இப்படி இரண்டு வாசல்களும் திறந்திருப்பதில்லை. வாங்கியவர் தம் எண்ணிலேயே எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, வாங்கப்பட்டவரின் எண்ணை மறந்துவிடுகிறார். அந்த எண்ணைப் பெற்றுத் தந்த பொறியாளர் ஓய்வு பெற்றுவிடுகிறார். பதிவேட்டில் தொடர்பு முகவரியாக அவருடைய பழைய மின்னஞ்சலே நிற்கிறது. சந்தா மட்டும் கணக்குப் பிரிவின் வழக்கமான பட்டியலில் ஒரு வரியாக, யாரும் ஏனென்று கேளாமல், வருஷாவருஷம் செலுத்தப்பட்டு வருகிறது. ஆபத்து குடிபுகுவதற்கு இதைக் காட்டிலும் வசதியான வீடு கிடையாது.

ரஷ்ய நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு 2011இல் நேர்ந்தது இதற்கு ஒரு தெளிவான சாட்சி. பொருளாதார நெருக்கடியால் தொழிலை நிறுத்தி வைத்திருந்த அந்த நிறுவனத்தின் 31733ஆம் எண்ணும் அதனோடு சேர்ந்த முகவரித் தொகுதிகளும் பதிவேட்டில் ஒழுங்காகவே இருந்தன, பாதைகளில்தான் இல்லை. பதிவேட்டில் தொடர்புக்குத் தரப்பட்டிருந்த மின்னஞ்சல் முகவரி, நிறுவனத்தின் சொந்த இணையப் பெயரைக் கொண்டது. அந்தப் பெயரோ புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிவிட்டது. யாரோ சிலர் சொற்பத் தொகை கொடுத்து அந்தப் பெயரைத் தம் பேரில் பதிவு செய்துகொண்டார்கள். அந்தக் கணத்திலிருந்து, நிறுவனத்துக்கு எழுதும் கடிதங்கள் எல்லாம் அவர்களுடைய பெட்டியில் விழத்தொடங்கின. அவர்கள் எழுதும் கடிதங்களோ நிறுவனத்தின் கடிதங்களாகத் தோற்றமளித்தன. அமெரிக்காவிலுள்ள இணைப்பு நிறுவனம் ஒன்றை அணுகி, "எங்கள் முகவரிகளை நீங்கள் அறிவிக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார்கள். பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்தியிருந்தது. அறிவிப்பு ஏப்ரல் மாதம் வெளியாயிற்று. உண்மையான உரிமையாளர் தம் தொழிலை மறுபடி தொடங்க எண்ணித் திரும்பிப் பார்த்தபோது, தம் வீட்டில் வேறொருவர் விளக்கேற்றிக் குடித்தனம் நடத்துவதைக் கண்டு திகைத்து, ஆகஸ்ட் மாதத்தில் பொறியாளர் சமூகத்தின் முன் முறையிட்டார். இடைப்பட்ட மாதங்களில் அந்த முகவரிகளிலிருந்து குப்பை அஞ்சல்கள் கிளம்பிக்கொண்டிருந்தன.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யோஹான் ஷ்லாம்ப் முதலியோர் இந்தச் சம்பவத்தைப் பிரேதப் பரிசோதனை செய்வது போல நுணுக்கமாக ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 2015இல் அவர்கள் செய்த மற்றோர் ஆய்வு, காலாவதியான இணையப் பெயர்களைத் தொடர்பு முகவரியாகக் கொண்ட பதிவுகளை ஐரோப்பியப் பதிவேட்டில் தேடியபோது, 256 முகவரிகள் கொண்ட தொகுதிகள் 73உம், ஏ.எஸ். எண்கள் 7உம் எவர் வேண்டுமானாலும் இதே முறையில் அபகரிக்கத்தக்க நிலையில் கிடந்தன என்று கண்டது. தொகை சிறிதுதான். ஆயினும் அந்த ஆய்வு உணர்த்தும் உண்மை முக்கியமானது: இந்த வகைக் களவில் நெறிமுறையின் பலவீனம் இரண்டாம் பட்சமே, பதிவேட்டு வரிக்கும் அந்த வரியின் பின்னே இருந்த மனிதருக்கும் இடையிலான சம்பந்தம் அற்றுப்போவதே முதற் காரணம்.

முகவரிகளைத் திருடுவோருக்கு ஏ.எஸ். எண்ணும் எதற்காக வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். முகவரியின் விலை ஏறியிருப்பதன் காரணம் எல்லோரும் அறிந்ததே: பழைய வகை ஐ.பி. முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதி தீர்ந்துபோயிற்று. அதன்பின் அவை பொன்னைப்போல் விலைக்கு வாங்கி விற்கப்படும் சரக்காயின. ஒரு முகவரித் தொகுதியை இதுவரை அறிவித்து வந்த எண் ஒன்று, இன்று அறிவிப்பது வேறோர் எண் என்றால், கண்காணிப்போர் உடனே விழித்துக்கொள்வார்கள். பழைய முகவரி, பழைய எண்ணின் பின்னாலேயே மறுபடி தோன்றினால், நீண்ட காலம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு அவ்வீட்டுக்காரரே திரும்பிவிட்டார் என்ற எண்ணம் ஏற்படுகிறது. அறிவிப்பு மாலையில் கடைசி மணியாக யாருடைய எண்ணையும் கோக்க முடியும் என்பதால், இதற்குப் பெரிய சாமர்த்தியமும் வேண்டியதில்லை. வெர்வியே, தொன்னார், தாசியே ஆகிய ஆய்வாளர்கள் இதற்கென்றே அமைத்த கருவிகளால் 18 மாத காலம் கவனித்து, 2015இல் வெளியிட்ட ஆய்வில், தீய நோக்குடையவை என்று தாம் கருதும் கடத்தல்கள் 2,000க்கும் மேற்பட்டவை என்று அறிவித்தனர். அவற்றில் மிகுதியானவை உறங்கிக் கிடந்த முகவரிகளைப் பற்றியவை, சொற்ப காலமே நீடித்தவை. வந்த சுவடு தெரியாமல் சில நாள் தங்கி, கறுப்புப் பட்டியலில் ஏறுமுன் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவது கடத்துவோரின் வழக்கம். 2018இல் சான் டியேகோ நகரில், மின்னஞ்சல் விளம்பரத் தொழிலில் இருந்த சிலர் மீது, உபயோகமற்றுக் கிடந்த முகவரித் தொகுதிகளைப் போலிக் கடிதங்களின் பேரில் கைப்பற்றியதாக அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. போலி அதிகாரப் பத்திரம் என்று நான் தொடக்கத்தில் குறிப்பிட்டது வெறும் உவமையாக நிற்கவில்லை என்பதை வாசகர் கவனிப்பாராக.

ஆகவே கண்காணிப்பு என்பது எளிதில் வரையறுக்கத்தக்க காரியம் போலத் தோன்றும்: ஒதுக்கப்பட்ட எண்களின் அன்றாடப் பட்டியலை ஒரு பக்கம், காணப்பட்ட எண்களின் அன்றாடப் பட்டியலை மறுபக்கம் வைத்து, முன்னதில் இருந்து பின்னதில் இல்லாதவற்றைக் குறித்துக்கொண்டு, அவற்றில் ஏதேனும் ஒன்று கண்விழித்தால் மணியடிப்பது. ஆனால் எத்தனை நாள் மௌனம் உறக்கமாகும்? ஒரு வாரம் என்றால், கம்பி அறுந்த சிறு சேவை நிறுவனங்களெல்லாம் உறங்கியவையாகிவிடும். பத்து வருஷம் என்றால், மூன்று வருஷ மௌனத்தின் பின் களவு போகும் எண் நம் கண்ணிலேயே படாது. சேகரிப்பு நிலையங்களின் பார்வையும் பூரணமானதன்று. ஒரே ஊரின் பரிமாற்ற நிலையத்துக்குள் மட்டும் மெல்லிய குரலில் செய்யப்படும் அறிவிப்பு, ஆரிகனுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ எட்டாமல் போகலாம். சமர்த்தரான திருடர் அப்படி மெல்லப் பேசுவதையே விரும்புவார்.

பதிவேட்டு வாழ்வு, பாதை வாழ்வு என்ற இரண்டையும் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே வரைந்து, 17 ஆண்டுகளின் தரவுகளை ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றை, ரோம் நகரின் சபியென்ஸா பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2021இல் வெளியிட்டார்கள். மண்டலங்களின் இணைகோட்டு வாழ்க்கைகள் என்ற பொருள்பட அதற்கு அவர்கள் இட்ட தலைப்பே அதன் முறையை விளக்கிவிடுகிறது. பதிவேட்டில் பிறக்குமுன்பே பாதையில் நடமாடிய எண்கள், பதிவேட்டில் இறந்த பின்னும் நடமாடிய எண்கள், ஒருபோதும் ஒதுக்கப்படாமலே தோன்றி மறைந்த எண்கள், நெடுநாள் உறங்கி அந்நியர் கையால் எழுப்பப்பட்ட எண்கள் ஆகிய யாவும் அதில் உண்டு.

ஒதுக்கப்படாத எண்கள் தோன்றுவதில் பெரும் பகுதி, கள்ளத்தனத்தால் அல்ல, விரல் வழுக்கலால் என்பது இத்துறையின் வேடிக்கைகளுள் ஒன்று. அந்த வழுக்கல் ஒதுக்கப்பட்ட எண்களையும் விட்டுவைப்பதில்லை. பொறியாளர்கள் ஒரு பாதையைக் குறைந்த விருப்பமுடையதாகக் காட்ட விரும்பினால், மாலையில் தம் எண்ணையே இரண்டு மூன்று தடவை திருப்பிக் கோப்பார்கள். "மூன்று தடவை" என்று சொல்ல நினைத்து, கட்டளையில் வெறுமனே 3 என்று எழுதிவிட்டால், ரூட்டர் அதைத் தடவைக் கணக்காகக் கொள்ளாமல் மண்டல எண்ணாகக் கொண்டு, மாலையில் 3 என்ற மணியையே கோத்துவிடும். இதனால் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும், 2ஆம் எண்ணுக்குரிய டெலவேர் பல்கலைக்கழகமும், தாம் கண்ணாலும் கண்டிராத தேசங்களின் முகவரிகளைத் தமதென்று அறிவித்ததாகப் பதிவாவது அடிக்கடி நிகழ்கிறது. இயந்திரம் எழுப்பும் எச்சரிக்கையை அப்படியே நம்பி ஒரு பல்கலைக்கழகத்தைத் திருடர் என்று தூற்றாமல் இருக்க, மனிதக் கண் ஒன்று இடையே தேவைப்படுகிறது.

அந்தக் கண் எதைத் தேடும்? விழித்த எண், முன்பு தன்னோடு இருந்த அண்டை வீட்டாரின் பின்னால் விழித்ததா, அல்லது கடல் கடந்த புதிய ஒருவரின் பின்னாலா என்பதை முதலில் பார்க்கும். அடுத்து, அது அறிவிக்கும் முகவரிகள் அதனுடைய பழைய முகவரிகள்தாமா, தொடர்பு மின்னஞ்சலின் இணையப் பெயர் அண்மையில் கைமாறியதா, பாதை உரிமைகளை எவரும் எழுதிவைக்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் புதிய வரி ஏதேனும் முந்தின வாரம் தோன்றியதா என்று விசாரிக்கும். ஒன்றுக்கொன்று எவ்விதச் சம்பந்தமும் இல்லாத நாலைந்து எண்கள், ஒரே அண்டை வீட்டாரின் முதுகுக்குப் பின்னால் ஒரே மாதத்தில் கண்விழிப்பதுதான் என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் வலிய சாட்சியம். தனித்த ஒரு விழிப்புக்கு ஆயிரம் நியாயம் சொல்லலாம். கூட்டமாக விழிப்பதற்கு நியாயம் கண்டுபிடிப்பது கடினம்.

ஆயினும் மிகப் பிரமாண்டமான விழிப்பு ஒன்று, இந்த அடையாளங்களில் பலவற்றைக் கொண்டிருந்தும், களவாக இல்லாமற்போன கதை உண்டு. 2021 ஜனவரி 20ஆம் தேதி, அமெரிக்காவில் ஜனாதிபதி பதவி கைமாறும் நண்பகலுக்குச் சில நிமிஷங்கள் முன்னதாக, 8003 என்ற எண், பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமாயிருந்து பல்லாண்டுகளாகப் பாதைகளில் காணப்படாத முகவரிகளை அறிவிக்கத் தொடங்கிற்று. அந்த எண்ணுக்குரியவராகப் பதிவேடு காட்டியதோ, சில மாதங்களுக்கு முன் தோன்றிய, எவரும் கேள்விப்படாத சிறு புளோரிடா நிறுவனம். ஏப்ரல் மாதத்துக்குள் அது அறிவித்த முகவரிகள் சுமார் 17.5 கோடியாகப் பெருகி, உலகிலேயே மிகப் பெரிய அறிவிப்பாளராக அதை ஆக்கின. டக் மடோரி போன்ற கண்காணிப்பாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்பிய பின்னரே, தன் முகவரிகளை அனுமதியின்றி எவரேனும் பயன்படுத்துகின்றனரா என்று அறிய நடத்தும் சோதனை முயற்சி இது என்று பாதுகாப்புத் துறை விளக்கம் கூறிற்று. செப்டம்பர் 7ஆம் தேதி அந்த முகவரிகள் துறையின் சொந்த எண்ணான 749க்கு மாற்றப்பட்டன. இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டவர்களுக்கு ஜனவரியிலேயே முரண்பாடு தெரிந்தது. அதன் அர்த்தம் ஏப்ரலில்தான், அதுவும் உரிமையாளர் வாய்திறந்த பிறகே தெரிந்தது.

இப்படியிருக்க, உறங்கும் எண்களையெல்லாம் பதிவகங்கள் திரும்பப் பெற்றுவிட்டால் என்ன என்ற யோசனை எளிதில் தோன்றும். தேவையற்றுப்போன எண்ணைத் திருப்பித் தருவதே மரியாதை. மரியாதைக்குக் கட்டுப்படுவோர் எங்கும் குறைவு. பலாத்காரமாகப் பெறுவதற்கோ, முன்பு சொன்ன உள்வீட்டு உழைப்பாளிகள் தடையாக நிற்கிறார்கள்: வெளியே தெரியாத எண்ணை உபயோகமற்றது என்று ரத்து செய்து வேறொருவருக்குக் கொடுத்தால், ஒரு வங்கியின் உள்வலை பழுதுபடலாம். பதிவகங்களோ, தாம் கணக்கு எழுதுவோரேயன்றிப் பாதைகளின் காவலர் அல்லர் என்ற நிலையை விடாப்பிடியாகக் காத்து வருகின்றன. பாதைக் கடத்தலைப் பதிவகக் கொள்கையை மீறிய குற்றமாக அறிவிக்க வேண்டும் என்று ரைப் சமூகத்தில் 2019இல் கொண்டுவரப்பட்ட பிரேரணை, ஒருமித்த சம்மதம் கிட்டாமல் கைவிடப்பட்டது. கணக்கு எழுதுவோர் நீதிபதியாகவும் அமர்வது உசிதமன்று என்ற தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் கணக்கையாவது சுத்தமாக வைக்க வேண்டுமே. ஆஃப்ரிநிக்கின் சொந்தத் தணிக்கை 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பதிவகத்தின் கையிருப்பிலிருந்தும் பழைய உரிமையாளர்களின் பேரிலிருந்தும் முறைகேடாக மாற்றப்பட்ட முகவரிகள் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவை. அங்கே சந்தேகத்துக்குரியதாகியது அடங்கல் அன்று, பட்டாவே.

தர்க்கங்களால் ஆகாத காரியம் சில சமயம் ஒரு சிறு வரியால் ஆகிவிடுகிறது. ரைப் பதிவகம் தன் 2025ஆம் ஆண்டுக்கான கட்டணத் திட்டத்தில், ஏ.எஸ். எண் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 50 யூரோ விதித்தது. பெரிய ஸ்தாபனத்துக்கு இது பொருட்படுத்தத்தக்க தொகையன்று; எனினும் எண் ஒன்றுக்கு இவ்வளவு என்று பட்டியலில் தனி வரியாக எழுதப்பட்டு வரும்போது, கணக்குப் பிரிவில் உள்ள யாரேனும் ஒருவர் "இது எதற்கு?" என்று ஒரு தடவையாவது கேட்க நேரிடும். தரிசு நிலத்துக்கும் தீர்வை உண்டு என்று வைத்த பழைய வருவாய் அதிகாரிகள், நிலத்தை யாராவது நினைவில் வைத்திருக்க இதுவே வழி என்று அறிந்திருந்தார்கள் போலும்.

இறுதியாக, இன்று எல்லோராலும் சர்வரோக நிவாரணியாகப் பேசப்படும் ஏற்பாடு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2012 முதல் வடிவம் பெற்று வந்துள்ள ஆர்.பி.கே.ஐ. என்ற முறையில், முகவரித் தொகுதியின் உரிமையாளர், "இன்ன எண்ணுடைய மண்டலமே இதை அறிவிக்க அதிகாரம் பெற்றது" என்று ஒரு மின்சாசனத்தில் கையொப்பமிட்டு வைக்கிறார். உலகெங்குமுள்ள ரூட்டர்கள் வரும் அறிவிப்பை அந்தச் சாசனத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் தள்ளிவிடலாம். பாகிஸ்தான் சம்பவம் போன்ற பிழைகளை இது பெருமளவு தடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாசனம் சரிபார்ப்பது மாலையின் கடைசி மணியை மட்டுமே. அந்த மணியைக் கோத்த கை யாருடையது என்பதை அது அறியாது. ஒரு நிறுவனம் ஒழுங்காகச் சாசனம் எழுதி வைத்துவிட்டு, பிறகு தொழிலை நிறுத்தி உறங்கிப்போனால், பதிவகம் நடத்தும் சேவையில் சந்தா செலுத்தப்படும் வரையில் அந்தச் சாசனம் தானே புதுப்பிக்கப்பட்டு உயிரோடு நிற்கும். அந்நியர் ஒருவர் அந்த உறங்கும் எண்ணைக் கடைசி மணியாகக் கோத்து, அந்த முகவரியை அறிவித்தால், சாசனத்தோடு ஒப்பிடும் ரூட்டர்கள் யாவும் அதனைச் செல்லுபடியானது என்று முத்திரை குத்தி ஏற்கும். விழித்திருக்கும் உரிமையாளர் இருந்தால் அவருடைய உண்மையான அறிவிப்பு இதற்குப் போட்டியாக நிற்கும்; உறங்குபவருக்குப் போட்டியே இல்லை. கடந்து வரும் மண்டலங்களுள் யாருக்கு யார் அண்டை வீட்டார் என்பதையும் கையொப்பமிட்டு எழுதிவைக்கும் ஆஸ்பா என்ற அடுத்த ஏற்பாடு இப்போது உருவாகி வருகிறது. தனக்கு மேலே இணைப்புத் தருவோர் இன்னின்னார் மட்டுமே என்று ஒரு மண்டலம் அதில் எழுதி வைக்கலாம், இணைப்பே இல்லாத மண்டலம் ஒருவருமில்லை என்றும் எழுதலாம். அந்த வரியை எழுத வேண்டியவர், பதிவேட்டின் கடவுச்சொல்லை எங்கோ தொலைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போன, மின்னஞ்சல் திரும்பி வந்துகொண்டிருக்கும் அதே பொறியாளர்தான்.